ஜன்னல் பாட்டின் கடைசி வரி

கடையில் அவரை எல்லோரும் தையல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கையால் தொட்டு அறியாத மனுஷன். சட்டைப் பொத்தான் அறுந்தாலே பெண்டாட்டியைத் தேடுகிற ஆள். அவர் தைப்பதெல்லாம் பாட்டைத்தான்.

நாலு மாடிக் கடை. துணி, பாத்திரம், செருப்பு, பெட்டி, பொம்மை என்று தேவையானதும் தேவையில்லாததும் அங்கே கிடைக்கும். நாலாவது மாடியில், சரக்கு லிஃப்டுக்குப் பின்னால், காற்றே வராத ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், பாட்டுகளைக் கலக்க ஒரு மிக்சர், அறிவிப்புக்கு ஒரு மைக், சுவரில் ஒரு இன்டர்காம். காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை கடை முழுக்கப் பாட்டு ஓட வேண்டும். நடுவே ஒரு நொடி அறுந்தாலும் தொலைந்தது. பாட்டு அறுந்தால் சாமான் வாங்க வந்தவன் தலையை நிமிர்த்தி மணி பார்ப்பான், மணி பார்த்தவன் வீட்டுக்குப் போவான் என்பது முதலாளியின் சித்தாந்தம். ஆகவே ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் தையல் தெரியாமல் சேர்ப்பது இவருடைய வேலை. முப்பத்து மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

இந்த வேலைக்கு வந்தால் ஆளுக்கு முதலில் போவது பாட்டின்மேல் இருக்கிற மரியாதை. ஆடுகிற பாட்டு, அழுகிற பாட்டு, மயங்குகிற பாட்டு எதுவானாலும் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே அதே நாலு படி. ஏறு, நில், இறங்கு, புறப்பட்ட இடத்துக்கே வா. அரைத்த மாவையே அரைத்துவிட்டு, ஏதோ வானத்தைக் கிழித்துக் கொண்டுவந்த மாதிரி பேட்டி வேறு கொடுப்பார்கள். ஈயடிச்சான் காப்பி அடித்தவனையாவது மன்னிக்கலாம். தான் காப்பி அடித்தது தனக்கே தெரியாதவனை என்ன செய்வது?

ஆனால் அதே இடத்தில்தான் குஷியும் இருந்தது. ஒரு பாட்டில் அழுகிற பெண்ணை அப்படியே தூக்கி, இன்னொரு பாட்டின் துள்ளல் தாளத்தின்மேல் உட்கார வைத்தால், பிறந்ததிலிருந்து அங்கேயே குடியிருந்தவள் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். அழுகை போய்க் குறும்பு வந்துவிடும். தையல்காரர் தனி அறையில் தொடையைத் தட்டிச் சிரிப்பார். கீழே நாலு மாடியில் ஐந்நூறு பேர் நடக்கிறார்களே, அதில் ஒரு ஜீவன்கூட கவனிக்காது.

ஒரே ஒருத்திதான் கவனித்தாள். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனபோது இன்டர்காம் அடித்தது.

"பாட்டு ரூமா? செருப்புப் பகுதியிலேருந்து பேசறேன். ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இப்ப ஓடுதே, இதையேதானே அரை மணி முன்னாடியும் போட்டீங்க? அதுல ஒருத்தி அழுதா, இதுல ஒருத்தன் குதிக்கறான். பாட்டு ஒண்ணுதானே?"

குட்டு வெளிப்பட்ட திருடன் மாதிரி அவர் முழித்தார். "ஆமாங்க" என்றார்.

"அப்ப ரெண்டையும் ஒண்ணா சேர்த்துத் தைச்சுடுங்களேன், தையல்காரரே. ஒரே வேலையா முடிஞ்சிடும்."

அன்றைக்கு வைத்த பெயர். வைத்தவளையே ஒரு வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

அவளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செருப்புப் பகுதியில் அவளைப் போல விற்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வந்தவர் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பாள். புது ஷூ கடிக்கும். கடிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று சிரிப்பார்கள். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். கோபம் இருக்காது, பரிகாசம் இருக்காது. எனக்குத் தெரியும், சொல்லுங்களேன் என்கிற பார்வை. எவ்வளவு பெரிய மனுஷனும் அதற்கு முன்னால் ஷூவைக் கழற்றிவிடுவான்.

இன்டர்காமில் அவர்கள் கண்டுபிடித்த விளையாட்டுக்குப் பெயர் தாவல். ஒருவர் ஒரு பாட்டை முனக வேண்டும். அது வேறொரு பாட்டின் சாயலில் வந்து நிற்கிற இடம் பார்த்து மற்றவர் அந்தப் பாட்டுக்குத் தாவ வேண்டும். பிறகு முதலாமவர் அங்கிருந்து இன்னொன்றுக்கு. நடுவே மூச்சு விடுகிற இடைவெளிதான் உண்டு. எத்தனை பாட்டு தாவினாலும் கடைசியில் ஆரம்பித்த பாட்டுக்கே திரும்ப வேண்டும். அதன் கடைசி வரி, ஆட்டத்தை ஆரம்பித்தவருக்குச் சொந்தம். அவர் அதைப் பாடி முடித்ததும் எதிராளி ஒரு தட்டு, அவர் ஒரு தட்டு. இரண்டு தட்டும் விழுந்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு.

பாட்டுகளுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடுகிறவன் தும்மப்போகிற மாதிரி இழுத்துத் தும்மாமலே விட்டுவிடுவதால் ஒன்று தும்மல் பாட்டு. படிப்படியாக ஏறி மூச்சு வாங்குவது மாடிப்படிப் பாட்டு. காதலில் தவிப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவன் முனகுவது பல்வலிப் பாட்டு. எல்லாவற்றுக்கும் முதலில், அவர் ஆரம்பித்த முதல் ஆட்டத்தின் முதல் பாட்டு, ஜன்னல் பாட்டு. யாரோ ஜன்னலில் நின்றுகொண்டு யாருக்கோ காத்திருப்பாள். அந்த மாதிரிப் பாட்டு நானூறு இருக்கும், இது அதில் ஒன்று.

அந்த முதல் ஆட்டம் மட்டும் முடியவே இல்லை. பதினாலு பாட்டு தாவியபோது பகுதி மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்று அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணம் ஆன புதிதில், "அதை முடிச்சுடலாமா?" என்று அவர் கேட்டார்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அதை முடிச்சா நான் கிளம்பிடுவேன்" என்றாள்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆட்டம் ஆடினார்கள். ஜன்னல் பாட்டை யாரும் தொடவில்லை. சண்டை முற்றினால் மட்டும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "முடிச்சுடட்டுமா ஜன்னல் பாட்டை?" என்பாள். அவர் உடனே வெள்ளைக்கொடி காட்டிவிடுவார். முப்பது வருஷம் அது வெறும் வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பகலில், ஒருவர் காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவள் ஸ்டூலிலிருந்து அப்படியே சாய்ந்தாள். ஷூ கையிலேயே இருந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

வீட்டின் முன்னறையில் மரக்கட்டிலை எடுத்துவிட்டு, இரும்புக் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டார்கள். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற மகள் தன் காகிதக்கட்டோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். பகலில் அவள் பார்த்துக்கொள்வாள். காலையில் உடம்பு துடைத்து உடை மாற்றுவதும், மாலையில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுப்பதும் தையல்காரர் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மாலை, கஞ்சி கொடுத்து வாயைத் துடைக்கிறபோது அவள் முனகினாள். வலிக்கிறதோ என்று பதறினார். வலி இல்லை, தும்மல் பாட்டு. சுருதி இம்மி பிசகவில்லை. அவர் மாடிப்படிப் பாட்டுக்குத் தாவினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து பல்வலிப் பாட்டுக்குத் தாவினாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓவென்று அழுதார்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "பேச்சு ஒரு ரூம், ராகம் பக்கத்து ரூம். இவங்களுக்கு முதல் ரூம்தான் பூட்டிக்கிச்சு. பாடட்டும், நல்லதுதான்" என்றார்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது.

ஒருநாள் பகல் மூன்று மணிக்கு மகள் கடைக்குப் போன் செய்தாள். "அப்பா, இப்ப கடையில என்ன பாட்டு ஓடுது?"

"பல்வலிப் பாட்டு. ஏன்மா?"

"ஒண்ணுமில்லை. அம்மா அதைத்தான் முனகிட்டிருக்காங்க."

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டே அவர் பாட்டைப் பாதி வரியில் மாற்றினார். வேறு காரணம் எதுவும் இல்லை, கை சும்மா இருக்கவில்லை.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, பாட்டை மாத்தினீங்களா?"

"ஆமா."

"அம்மாவும் மாத்திட்டாங்க."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு பஸ் ஸ்டாப். மூன்றாவதாக ஒன்று செய்து பார்த்தார். அதுவரை சேர்க்காத இரண்டு பாட்டுகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று கிடத்தி ஓடவிட்டார். இப்படிச் சேர்க்கும்போது ஒரு வினோதம் நடக்கும். இரண்டு பாட்டிலும் இல்லாத மூன்றாவது ராகம் ஒன்று அவற்றின் இடுக்கிலிருந்து கிளம்பும். அதை யாரும் எழுதியதில்லை, யாரும் பாடியதில்லை. சேர்க்கிறவன் காதுக்கு மட்டும் தட்டுப்படும்.

"போனை அம்மா வாய்கிட்ட வை" என்றார்.

அவள் அந்த மூன்றாவது ராகத்தை முனகிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டுப் படி ஏறும்போது அவருக்குக் கால் கூசியது. உள்ளே போனால் அவள் வழக்கம்போல இடது கையால் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவரைப் பார்த்து இடது பக்கமாகச் சிரித்தாள். பயந்தவர் வெட்கப்பட்டுப் போனார். என்ன இருந்தாலும் இவள் அவள்தானே. காலையில் கடைக்குப் போனால் பேச்சே இல்லாத வீட்டை நினைத்து ஏங்குவதற்குப் பதில், நாள் முழுக்க ஒரு நூல் இருக்கிறது. இந்த முனையை ஆட்டினால் அந்த முனை ஆடுகிறது. அதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தேற்றிக்கொண்டார்.

கெட்டது அடுத்த வாரம் தெரிந்தது. இரண்டு பேரும் முனகிக்கொண்டிருக்கும்போது ராகம் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஜன்னல் பாட்டின் வாசலில் வந்து நின்றது. முப்பத்தொரு வருஷமாக யாரும் தொடாத பாட்டு. சட்டென்று வேறு பாட்டை இழுத்துப் போட்டு அன்றைக்குத் தப்பித்தார். மறுநாளும் அங்கேயே வந்து நின்றது. அதற்கு மறுநாளும்.

அவருக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். பாக்கி கிடந்த அந்த முதல் ஆட்டத்தை இவள் முடிக்கப் பார்க்கிறாள். முடித்தால் கிளம்பிவிடுவாள். அவளே சொன்ன வார்த்தை.

சரி, முடிய விடக் கூடாது. அவ்வளவுதானே? கடைக் கம்ப்யூட்டரில் ஜன்னல் பாட்டை அழித்தார். வீட்டில் பழைய கேசட் ஒன்று இருந்தது, அதன் நாடாவை உருவிக் குப்பையில் போட்டார். ஆனால் பாட்டை அழித்தால் போதுமா? அதன் சாயல் எல்லாப் பாட்டிலும் இருக்கிறதே. அதே நாலு படி. எந்தப் பாட்டில் ஏறினாலும் இரண்டு தாவல் தள்ளி அந்த ஜன்னல். வருஷக்கணக்காக, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான் என்று கேலி பேசிச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இப்போது திரும்பி வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

அப்புறம் அவர் ஓயவில்லை. கடையில் ஒவ்வொரு பாட்டையும் போடுவதற்கு முன்னால் ஜன்னல் பாட்டை மனசுக்குள் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இது அதற்கு எவ்வளவு தூரம்? எந்த வரியில் நெருங்குகிறது? நெருங்குவதற்கு முன்னால் வெட்டி வேறொன்றைத் தைப்பார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முனக ஆரம்பிப்பார். உடம்பு துடைக்கும்போது முனகல், கஞ்சி கொடுக்கும்போது முனகல், புரட்டிப் போடும்போது முனகல். அவர் முனகினால் அவளும் முனகுவாள். நிறுத்தினால் அந்த இடைவெளியில் அவள் நழுவிவிடுவாளோ என்று பயம்.

அவள் இளைத்தாள். குரல் கட்டி, பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆயிற்று. கண்ணைச் சுற்றிக் கருவளையம். பகலிலும் தூக்கம் பிடிக்கவில்லை. கடையில் பாட்டு ஓடுகிற வரை அவள் வாய் ஓயாது.

மகள் வெடித்தாள். "அம்மாவைக் கொஞ்சம் தூங்க விடுங்கப்பா. உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருக்கு."

"உனக்குத் தெரியாது. நான் விட்டா அவ போயிடுவா."

"விடாம இருந்தாத்தான் போயிடுவாங்க போல."

அவர் காதில் வாங்கவில்லை. மகளும் சும்மா இருக்கிற ரகம் இல்லை, பிழை திருத்துகிறவள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மாவும் அப்பாவும் முனகுவதை மூன்று சாயங்காலம் போனில் பதிவு செய்தாள். அதை உட்கார்ந்து கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவைக் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"யாரு முதல்ல ஜன்னல் பாட்டுக்குப் போறாங்கன்னு மட்டும் கேளுங்க."

அவர் கேட்டார். கட்டைக் குரல் ஒன்று, சுரண்டல் குரல் ஒன்று. தும்மல், மாடிப்படி, பல்வலி. பிறகு, சாயல் வருகிற ஒரு திருப்பத்தில், ஜன்னல் பாட்டு. கட்டைக் குரல்தான் அதை எடுத்தது. சுரண்டல் குரல் தடுமாறி, மூச்சு வாங்கி, அவசரமாக வேறொரு பாட்டுக்குத் தாவியது. கட்டைக் குரல் பின்னாலேயே போய், இரண்டு தாவலில் மறுபடியும் ஜன்னலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. சுரண்டல் குரல் மறுபடியும் தப்பித்தது.

"மூணு நாள்ல பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் இழுத்துட்டு வர்றீங்க. அம்மா ஒவ்வொரு தடவையும் தப்பிச்சு ஓடறாங்க. நீங்க காலையில பல் தேய்க்கும்போதுகூட அந்தப் பாட்டைத்தான் முனகறீங்க, அது தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அதுக்குப் பக்கத்துல போயிடக் கூடாதுன்னு... மனசுலயே வெச்சிருந்தேன்மா. அதனால வாய்ல வந்திருக்கும்" என்றார்.

அது பொய் இல்லை. அவர் மாதிரித் தையல்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் அது. ஒரு பாட்டை ஒதுக்குவதற்காக அதையே நாள் முழுக்க அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அது முழு உண்மையும் இல்லை, அதை அவர் ஒருவர்தான் அறிவார். ஜன்னல் பாட்டு வர ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில், அவளைப் புரட்டித் தூக்கும்போது அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. போர்வை ஈரம், கடைக்கு நேரமாகிவிட்டது. போதும் என்று தோன்றியது. முடிந்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. ஒரே ஒரு தரம், ஒரு நொடிதான் என்று நினைத்திருந்தார். அந்த நொடி மூக்கு வழியாக நாள் தவறாமல் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூங்குவதாக நினைத்துத்தான் மகள் பதிவைப் போட்டாள். அவள் தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. ஷூ கடித்தும் சொல்லாமல் சிரிக்கிறவர்களைப் பார்ப்பாளே, அதே பார்வை.

அன்றிலிருந்து அவர் முனகவில்லை. வீட்டில் இருக்கும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடையில் கம்ப்யூட்டர் தானாக அடுக்கிக் கொடுக்கிற பாட்டுகளை ஓடவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தையல்கள் பல் இளித்தன. யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் அவளும் அடங்கிவிட்டாள். தூங்கினாள். கஞ்சி ஒரு கிண்ணம் முழுக்க இறங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டது. மகளுக்கு முகம் தெளிந்தது. அவரால் மட்டும் அந்த அமைதியில் உட்கார முடியவில்லை.

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. நாலு மணி வெயில் கட்டில் கம்பியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அவளுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் முனகினாள்.

ஜன்னல் பாட்டு. முதல் வரியிலிருந்து, நிதானமாக, அவளாகவே ஆரம்பித்தாள்.

"வேண்டாம்" என்றார். தும்மல் பாட்டை எடுத்து நீட்டினார். அவள் தாவவில்லை. மாடிப்படியை நீட்டினார். பல்வலியை நீட்டினார். "இதோ பார், இங்க சாயல் வருது, தாவு, தாவிடு" என்று கெஞ்சினார். "நான் சும்மா ஏதோ நினைச்சுட்டேன். அலுப்புல நினைச்சது. மனசாரச் சொல்லலை. என்னை அப்படிப் பார்க்காதே."

அவள் தலையைக்கூட அசைக்காமல் படி ஏறினாள், நின்றாள், இறங்கினாள். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினாள். அது ஆரம்பித்தவருக்குச் சொந்தமான வரி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது அவர். இடது கையைக் கட்டில் கம்பிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மகள் தம்ளரோடு வாசல்படியில் நின்றாள். தூக்கிய கை நடுங்கத் தொடங்கியது. கொஞ்சம் இறங்கும், மறுபடி உயரும். அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார முடியும்? அவர் பாடினார். குரல் உடைந்து, பாதியில் மூச்சு போய், ஒருவழியாகக் கடைசி வரியைக் கொண்டுபோய் இறக்கினார்.

அவள் விரல் கம்பியில் ஒரு தட்டு தட்டியது. ணங் என்று கேட்டது.

அடுத்த தட்டு அவருடையது. கை தானாக உயர்ந்தது. அதற்குள் அவளுடைய கை கம்பியிலிருந்து வழுக்கிப் போர்வைமேல் விழுந்தது, விழுந்த மாதிரியே கிடந்தது. மகள் ஓடிவந்து மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா" என்றாள். அவர் உயர்த்திய கையை இறக்கித் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். தட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போனார். எல்லோரும் தோளைத் தொட்டுப் பேசினார்கள். செருப்புப் பகுதியில் குட்டை ஸ்டூலில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மேலே போனார். அறையைத் துடைத்து, மிக்சரைத் தட்டித் தூசி ஊதி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் அடுக்கி வைத்திருந்ததை நிறுத்திவிட்டு, பழையபடி கையால் தைக்க ஆரம்பித்தார். தும்மல் பாட்டுக்காரனைத் தூக்கி மாடிப்படியில் ஏற்றினார். பழக்கப்பட்ட கை, தையல் தெரியவில்லை. இரண்டின் இடுக்கிலிருந்து மூன்றாவது ராகம் மெல்லக் கிளம்பியது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா..."

"சொல்லும்மா."

"இப்ப கடையில என்ன பாட்டு ஓடுது?"

மகளின் மூச்சு வேகமாகக் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால், முன்னறைக்குள்ளிருந்து, முனகல் கேட்டது. சுரண்டல் இல்லை, களைப்பு இல்லை. இன்டர்காமில் முதன்முதலாகக் கேட்ட குரல்.

"கட்டில் காலியாத்தான் இருக்குப்பா. போர்வையைக்கூட மடிச்சு எடுத்துட்டேன்." மகள் அழுதாள். "உங்க தட்டு பாக்கி இருக்குப்பா. தட்டிடுங்க. அம்மா பாவம். தட்டி அனுப்பிடுங்கப்பா."

அவருடைய வலது கை மேசைமேல் இருந்தது. விரலை ஒரு அங்குலம் உயர்த்தி இறக்கினால் போதும். கீழே நாலு மாடியிலும் ஜனங்கள் தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள். மாடிப்படிப் பாட்டு முடிய இன்னும் இருபது நொடி இருந்தது.

"போனை வெச்சுடாதே. அப்படியே கட்டில்கிட்ட பிடிச்சுக்கோ" என்றார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அடுத்த பாட்டைத் தேடினார்.